திங்கட்கிழமை விடுமுறையும் கன்ஹேரி மலையும்

மும்பையில் தாதர், மாட்டுங்கா பக்கத்துக் கடைகளுக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. போரிவலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கும் அதே நாள்தான் விடுமுறை. அதற்குள்ளே இருக்கும் கன்ஹேரி குகைகளுக்கும், கடலுக்கு நடுவே உள்ள காராபுரி (எலிஃபெண்டா) குகைகளுக்கும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையோ பாத்திரக் கடையில் வியாபாரம் அதிகம். கல்லாவை விட்டு நகர முடியாது. இந்தச் சின்னக் கணக்கிலேயே என் பிள்ளைகளின் சிறுவயது கழிந்துபோயிற்று. மாலாடில் குடியிருந்துகொண்டு, இரண்டாவது ஸ்டேஷனான போரிவலிக்கு முப்பது வருஷமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டம்மாவும் மருமகளும் இரண்டு பேரன்மாருமாகப் புறப்பட்டோம்.

முதலில் பூங்காப் பகுதியிலேயே உள்ள போதன்பூர் திகம்பர ஜைனக் கோயில். ஆதிநாதரும் அவருடைய மக்கள் பரதரும் பாகுபலியும் பேருருவமாக நிற்கிறார்கள். போதனபுரம் என்பது பாகுபலி ஆண்ட நகரம். அந்தப் பெயரைத்தான் இங்கே வைத்திருக்கிறார்கள். படையை மோதவிட்டு ஜனங்களைச் சாகடிக்க வேண்டாம் என்று, அண்ணனும் தம்பியும் கண் பார்வையாலும் நீராலும் மல்லாலும் மூன்று போட்டி நடத்தினார்கள். மூன்றிலும் தம்பி ஜெயித்தார். ஜெயித்த பிறகு ராஜ்யத்தை அண்ணனுக்கே விட்டுவிட்டுத் தவத்துக்குப் போனார். காலில் கொடி சுற்றியது அதனால்தான் என்று சொன்னேன். ஜன்னலோர சீட்டுக்காக ரயிலில் சண்டை போட்டுக்கொண்டு வந்த பேரன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பும்போதும் அதே சண்டைதான், அது வேறு விஷயம்.

வாசலிலிருந்து கன்ஹேரி ஏறக்குறைய 6 கிலோமீட்டர், பஸ் உண்டு. கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். கிருஷ்ணகிரி என்ற பெயரே கன்ஹேரி ஆயிற்று. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் இருந்த இடம். குகைகளை ஒட்டி நீர்த்தொட்டிகள். மழைநீர் அவற்றில் வந்து சேரும்படி பாறையிலேயே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள்.

என்னைப் போன்ற வியாபாரிக்கு இங்கே பெரிய விஷயம் கல்வெட்டுகள்தான். 3ஆம் எண் குகையான பெரிய சைத்தியத்தைச் சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணி காலத்தில் கட்டுவித்தவர்கள் வணிக சகோதரர்கள். மற்றக் குகைகளிலும் தொட்டிகளிலும் கொடையாளிகளின் ஊர்ப்பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்: கல்யாண், சோபாரா, நாசிக். “தாத்தா, நாலாசோபாரா லோக்கல் போகுதே, அந்த சோபாராவா?” என்றான் பெரியவன். அதேதான்டா. அந்தக் காலத்தில் அது கப்பல் வந்துபோன துறைமுகம்.

நம் நாட்டிலும் இதே கதைதான். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் ஜைன முனிவர்களுக்குப் படுக்கை அமைத்தவர்களில் நிகமத்தோர், அதாவது வணிகக் குழுவினர், இருக்கிறார்கள். அழகர்மலையில் ஒரு உப்பு வணிகர். புகலூரில் கருவூரைச் சேர்ந்த ஒரு பொன் வணிகர். எல்லாம் தமிழ்ப் பிராமி எழுத்து. பேரனுக்கு மராத்தி, இந்தி, இங்கிலீஷ் எழுதத் தெரியும். தமிழ் படிக்க வராது. கன்ஹேரி எழுத்துக்கும் நம் பழைய எழுத்துக்கும் உறவு உண்டு என்று மண்ணில் குச்சியால் ‘க’ எழுதிக் காட்டினேன். கூட்டல் குறி மாதிரி இருக்கிறதென்று உடனே பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அப்படி நாலு எழுத்து போட்டோம்.

சாப்பாட்டு விஷயமும் சொல்லிவிட வேண்டும். நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத பெரியவர்கள் இன்னும் உண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் இருவர். மும்பையில் டிசம்பரில் ஆறு மணியை ஒட்டி இருட்டிவிடும், ஜூனில் ஏழேகால் வரை தாங்கும். மருமகளுக்கு ராத்திரி ஓட்டலில் சாப்பிட ஆசை. ஒரு சின்ன முணுமுணுப்பு இருந்தது, மறைப்பானேன். புளியோதரையை மத்தியானமே முடித்துவிட்டு (குரங்குகள் பொல்லாதவை, பையைத் திறக்கும்போது ஜாக்கிரதை), ஐந்து மணிக்குப் போரிவலியில் ஜைன் பாவ்பாஜி சாப்பிட்டோம். வெங்காயம், பூண்டு கிடையாது. உருளைக்குப் பதில் வாழைக்காய். குஜராத்தி ஜைனர்களால் இந்த ஊர் ஓட்டல்களில் இது சர்வ சாதாரணம். குழந்தைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மருமகளுக்கும் பிடித்துவிட்டது.

ராணி பாக் என்கிற பைகுல்லா மிருகக்காட்சிச் சாலைக்குப் புதன்கிழமை விடுமுறை. கடைக்காரர்கள் திங்கட்கிழமையே போகலாம். பக்கத்திலேயே 1872இல் திறந்த பாவ் தாஜி லாட் மியூசியம். காராபுரித் தீவுக்கு எலிஃபெண்டா என்று பெயர் வரக் காரணமான கல்யானை அதன் வெளியே நிற்கிறது.

ரயிலில் வீட்டம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஏங்க, இந்தக் கல்யானை விஷயம் அப்பவே உங்களுக்குத் தெரியாதா?” தெரியும் என்றேன். மாலாட் வந்துவிட்டது, இறங்கினோம்.