மழைக்காலத்தில் முதிய குதிரை

கொழும்பு மாநகரிலே குதிரை இன்று அருகிவிட்ட பிராணி. கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடலிலே 1956 ஆம் ஆண்டோடு ஓட்டம் ஓய்ந்தது. பொலிஸ் குதிரைப் பிரிவின் பரிகள் வீதியில் வரும்போது கொட்டாஞ்சேனைச் சிறுவர் வாய் பிளந்து நிற்பதற்குக் காரணம் அவ்வருமையே. எனினும் இலங்கையிலே குதிரை இல்லாமற் போய்விடவில்லை. நுவரெலியாவிலே பந்தயம் இன்றும் நடைபெறுகின்றது. அங்கே கிரகரி வாவிக் கரையில் உல்லாசப் பயணிகளைச் சுமக்கும் குதிரைகளுட் சில, முன்னாளிற் பந்தயத்தில் ஓடியவை. உழைப்பு ஓய்ந்தபின் கவனிப்பாரின்றிக் கட்டாக்காலிகளாய் நனைந்து திரிவனவும் உண்டு.

குதிரை பேணுதல் நம்மவர்க்கு என்றுமே எளிதாய் இருந்ததில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து கப்பலில் வந்த குதிரைகள் பராமரிப்பு அறியாதார் கையிற் சிக்கி ஆண்டுதோறும் பெருந்தொகையாய் மடிந்தன என்று எழுதிவைத்தார். அவ்வறியாமையின் ஒரு கூறு இன்றும் வேறு வடிவில் நிலவுகின்றது. குளிர்நாட்டு நூல்களிற் கூறியவாறே இங்கும் முதிய குதிரையைக் கம்பளியாற் போர்த்திக் கதவை அடைத்துவிட்டால் மழைக்காலம் கழிந்துவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். கொழும்பைப் பொறுத்தவரை இது பெருந் தவறு.

குதிரையின் மயிர் எவ்வாறு உடலைக் காக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். குளிர் தாக்கும்போது மயிர்கள் சிலிர்த்து எழும், அவற்றிடையே காற்று தங்கும், அக்காற்றே போர்வையாகின்றது. மழை பெய்து மயிர் தோலோடு ஒட்டியதும் அப்போர்வை குலைந்துபோகும். பின்னர் வீசும் காற்று, நீரை ஆவியாக்கும்போது உடலின் சூட்டையும் கவர்ந்து செல்லும். உலர்ந்த குதிரை கடுங்குளிரையும் எளிதிற் பொறுக்கும். நனைந்ததற்கோ 10, 15 பாகை செல்சியஸே நடுக்கந் தரப் போதும். அதிலும் இருபது வயதை அணுகிய குதிரைக்குத் தோலின் கீழ்க் கொழுப்புக் குறைவு, தசை குறைவு, தீனியை அரைக்கும் பல்லும் தேய்ந்தது. இழந்த சூட்டை ஈடு செய்ய அதனிடம் சேமிப்பு இல்லை.

கொழும்பிலே இரவிலுங்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது மிக அரிது. ஆண்டு மழையோ ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். ஐப்பசி மாதத்தில் வெள்ளவத்தை வீடுகளிலே கொடியிற் போட்ட சேலை இரண்டு நாளாகியும் காய்வதில்லை. சுவரிற் பூஞ்சணம் படருகின்றது. இத்தகைய இடத்திற் குளிரைவிட ஈரமே குதிரைக்குப் பகை. தடித்த கம்பளியைப் போர்த்தினால் அதன் கீழ் விலங்கு வியர்க்கும்; வியர்வை வெளியேற வழியின்றித் தோல் ஊறும். இன்னுமொரு ஆபத்தும் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளிலே சில குதிரைகள் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன. அவற்றைப் போர்த்துவது சூட்டை உள்ளே பூட்டிவைப்பதை ஒக்கும்.

ஆதலின் இங்கு வேண்டுவது கூரையும் காற்றோட்டமுமே. இலாயத்தின் கூரை சாரலைத் தடுக்குமளவு தாழ்ந்து நீண்டிருத்தல் நன்று. மழை அடிக்கும் பக்கத்திற் படங்கு கட்டலாம். நான்கு பக்கமும் கட்டலாகாது. அடைத்த இலாயத்திலே மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா வாயு, முதிய விலங்கின் சுவாசப்பையை அரிக்கும். தரை சுற்றுப்புறத்தினும் உயர்ந்து, நீர் வடியச் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். வைக்கோலோ மரத்தூளோ தாராளமாய்ப் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் அகற்றுக.

நனைந்து வந்த குதிரையின் மேனியிலுள்ள நீரை முதலில் வழித்துவிட்டு, வைக்கோற் புரியாலோ உலர்ந்த சாக்காலோ அழுத்தித் தேய்த்தல் வேண்டும். காதடியும் கணுக்காலின் பின்புறமும் மறக்கப்படும் இடங்கள். கணுக்காலிற் சேறு படிந்திருந்தால் அதனை உலரவிட்டுப் பின்பு துலக்குவதே முறை. அடிக்கடி கழுவினால் தோலின் இயற்கை எண்ணெய் போய்விடும். ஈரம் நீடித்த முதுகிலே நுண்ணுயிர் பற்றி, மயிர்க்கற்றையோடு பெயரும் பொருக்குகள் தோன்றும். அவை தோன்றின் மிருக வைத்தியரை அழைத்தலே தக்கது. குளம்பின் அடியில் ஆப்புப் போன்றுள்ள மென்பகுதியும் ஈரத்தில் அழுகும். கரிய கசிவும் துர்நாற்றமும் அதன் அடையாளம். நாள்தோறும் குளம்பைத் துருவிச் சுத்தம் செய்பவர் இதனை முன்கூட்டியே கண்டுகொள்வர்.

நுவரெலியாவின் நிலை வேறு. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலே, தென்மேற்குப் பருவ மழை காற்றோடு சேர்ந்து வீசும்போது மெலிந்த முதிய குதிரைக்குப் போர்வை அவசியந்தான். அது மேலே நீர் புகாததாயும், உள்ளிருந்து எழும் ஆவியை வெளியேற்றுவதாயும் இருத்தல் வேண்டும். நனைந்த போர்வை, போர்வை இல்லாமையினுங் கேடு. நாளுக்கு ஒருமுறையேனும் அதனைக் கழற்றி, உராய்ந்த புண் உண்டா எனப் பார்த்தல் கடமை.

உள்ளிருந்து சூடேற்றுவது தீனி. புல்லும் வைக்கோலும் பெருங்குடலிலே நொதிக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. கொள்ளையும் தவிட்டையும் மிகுதியாய்க் கொடுப்பதினும் நார்த்தீனியைக் கூட்டுவதே பயன் தரும். பல் தேய்ந்த குதிரை வைக்கோலை மென்று உருண்டையாய்த் துப்பிவிடும். அதற்குப் புல்லைச் சிறிதாய் நறுக்கி, ஊறவைத்துக் கொடுக்கலாம். குளிர்ந்த நாளில் முதிய குதிரை தண்ணீர் குறைவாய்க் குடிப்பதால் மலம் இறுகி வயிற்றுவலி வரக்கூடும். வெதுவெதுப்பான நீர் வைத்தால் விரும்பிக் குடிக்கும்.

மழைக்கால மயிர் மெலிவை மறைத்துவிடும். கண்ணை நம்பாது வாரந்தோறும் விலாவைக் கையாற் தடவிப் பார்த்தல் வேண்டும். மயிர் அளவுக்கு மிஞ்சி நீண்டு சுருண்டு, உரிய காலத்தில் உதிராதிருந்தால் அது நல்ல போர்வை என மகிழ வேண்டாம். மூளையடியிலுள்ள கபச்சுரப்பியின் கோளாறால் முதிய குதிரைகட்கு அவ்வாறு நேர்வதுண்டு. அதற்கு மருந்தும் உண்டு.