தராசு எடையை நேரே கணக்கில் ஏற்றும் முறை

கிருஷ்ணகிரி புளி வியாபாரத்திலும் ஓசூர் காய்கறி வியாபாரத்திலும் மின்னணுத் தராசு வந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் எடையைப் படித்துச் சொல்ல ஒருவர், சிட்டையில் எழுத ஒருவர், இரவில் கணினியில் ஏற்ற ஒருவர் என்ற வழக்கம் பல கடைகளில் மாறவில்லை. 54.350 என்பது 45.350 ஆகிவிட்டால் ஒரே மூட்டையில் 9 கிலோ போயிற்று. சரக்கு அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரில் இறங்கிய பின் தகராறு வந்தால் நம் கையெழுத்துச் சிட்டையை யார் ஒப்புவார்?

தராசின் பின்புறம் 9 ஊசி கொண்ட இணைப்பு வாய் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.எஸ்.232 என்னும் இம்முறை 1960-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. எடையை எழுத்தெழுத்தாக ஒரே கம்பியில் அனுப்பும். இன்றைய கணினிகளில் இந்த வாய் பெரும்பாலும் கிடையாது. யு.எஸ்.பி. மாற்றுக் கம்பி வாங்கிச் செருக வேண்டும். தராசில் வேகம் 9600 என்றிருந்தால் கணினியிலும் 9600-தான் வைக்க வேண்டும். மாறினால் கிறுக்கல் குறிகளே வரும். தராசுடன் வந்த கையேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இவ்விவரமெல்லாம் அதில்தான் உண்டு.

வரும் எடையை, விசைப்பலகையில் தட்டியதுபோல எக்செல் கட்டத்திலேயே விழச்செய்யும் மென்பொருள்கள் உள்ளன. சௌகரியம்தான். ஆனால் பையன் நடுவில் வேறு பக்கத்தைத் திறந்தால் எடை அங்கே போய் விழும். நாம் சொல்வது, ‘பட்டி’ என்னும் இலவச மென்பொருளில் வருவதை அப்படியே ஒரு கோப்பில் பதிவு செய்து, பிறகு எக்செல்லில் திறப்பது. எக்செல் எண்ணை யாரும் திருத்தலாம். மூலக் கோப்பு தனியே இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எண்ணுடன் ‘கி.கி.’ என்பதற்கான ஆங்கில எழுத்தும் ஒரே கட்டத்தில் வந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம் காட்டும். எழுத்தைத் தனிப் பத்தியாகப் பிரித்துவிடுங்கள். சாக்கு எடைக்கும் தனிப் பத்தி வேண்டும். தராசு ஓயாமல் அனுப்பும்படி வைத்திருந்தால் மூட்டை ஆடும்போது காட்டும் எடையும் பதிவாகும். தட்டு நின்றபின் பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்பும்படி மாற்றுக.

இணைப்பு வாய் இல்லாத தராசை நாமே திறந்து பொருத்தலாகாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரே அதைத் தொடவேண்டும். முத்திரை உடைந்தால், ஆண்டு முத்திரைக்கு இன்னும் நாள் இருந்தாலும், மறுமுத்திரை பெறாமல் அத்தராசில் ஒரு மூட்டையும் நிறுக்கக்கூடாது.