எத்தனை யூனிட், எதற்கு?

கோவில்பட்டிப் பக்கம் ஒருவருக்கு பைபாஸ் ஆபரேஷன் என்றால், உறவுக்காரர்கள் முதலில் தேடுவது ரத்தம் கொடுக்க ஆள். "டெஸ்ட் பண்ணின ரத்தம்தானே?" என்ற கேள்வியும் கூடவே வரும். வராமல் எப்படி இருக்கும்? 2018 டிசம்பரில், பக்கத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த பை அது. கொடுத்த இளைஞரே பிறகு தன் தொற்றை அறிந்து வந்து சொன்னதால்தான் விஷயம் தெரிந்தது. 2019 ஜனவரியில் பிறந்த குழந்தை தொற்றில்லாமல் தப்பியது. தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

கரிசல் சீமை அதை மறக்கவில்லை. ஆனால் இதய அறுவைக்குப் பின் டாக்டர்களை அதிகம் கவலைப்படுத்துவது வேறு தொற்று. நெஞ்செலும்பைப் பிளந்த புண்ணிலும் நுரையீரலிலும் பிடிக்கும் பாக்டீரியா அது. சோதித்த, சுத்தமான ரத்தத்துக்கும் அதோடு ஒரு தொடர்பு தெரிகிறது. வட அமெரிக்காவில் 5,158 நோயாளிகளைக் கவனித்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், ஏற்றிய ஒவ்வொரு யூனிட் சிவப்பணுவுக்கும் பெரிய தொற்றின் அபாயம் சராசரியாக 29 சதவீதம் கூடியிருந்தது. பிறர் ரத்தம் நம் எதிர்ப்பு சக்தியைச் சற்று மந்தமாக்குகிறது என்பது ஒரு விளக்கம். நிறைய ரத்தம் தேவைப்படுகிறவர் முன்பே நலிந்தவர் என்பது இன்னொன்று. எனக்கு இதில்தான் பாதி உண்மை இருப்பதாகப் படுகிறது. 2015-இல் பிரிட்டனில் ஒரு பிரிவினருக்குக் குறைத்து ஏற்றிப் பார்த்தார்கள். தொற்று ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனாலும் ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழே போகும்வரை பொறுத்தால் கெடுதல் கூடுவதில்லை என்று 2017-இல் பல நாடுகளில் நடந்த பெரிய சோதனை காட்டியது.

ஆக, தேவையில்லாத பையைத் தவிர்க்கலாம். அதற்கான வேலை ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. வெல்லப்பாகில் இரும்புச்சத்து இருக்கிறதே என்று நம்மூர்க் கடலைமிட்டாயை நம்பி இருந்துவிடக் கூடாது. 8-இல் நிற்கும் ஹீமோகுளோபினை அது தூக்கிவிடாது. இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ டாக்டர் சொல்வார். சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், பீடியை விட வேண்டும்.

ரத்தம் நிற்காமல் போகிற நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மற்றபடி, ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் அன்றே கேளுங்கள்: "ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கு டாக்டர்?"