எஸ்.எஸ்.டி. பிழைத்துவிடும், கோப்புகள்?

மின்தடைக்குப் பிறகு மடிக்கணினி திறக்க மறுக்கிறது. கடைக்காரர் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் பார்க்கிறார். தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்று காட்டுகிறது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் ரிங்லெட் போன்ற ஊர்களில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அது ஃபைசன் நிறுவனத்தின் எஸ்11 கட்டுப்பாட்டுச் சில்லு, தன் நிரலைப் படிக்க முடியாமல் நிற்பதன் அறிகுறி. மலிவு விலை எஸ்.எஸ்.டி.கள் பலவற்றில் இந்தச் சில்லுதான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு தைவானில் ஃபைசனைத் தொடங்கியவர்களில் ஒருவரான புவா கெயின் செங் நம் நாட்டவர், சிலாங்கூரின் செகிஞ்சானைச் சேர்ந்தவர்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது. நினைவகச் சில்லுகளும் அவற்றை மேய்க்கும் கட்டுப்பாட்டுச் சில்லும்தான் உண்டு. நினைவகம் அழித்து அழித்து எழுதத் தேய்ந்துபோகும். அதனால் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரே இடத்தில் எழுதாமல் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எந்த நிரையில் எப்போது கொழுந்து பறித்தார்கள் என்பது மண்டோரின் குறிப்பேட்டில் மட்டும் இருப்பதுபோல, எந்தக் கோப்பு எங்கே என்பது அந்தச் சில்லு வைத்திருக்கும் அட்டவணைக்கு மட்டுமே தெரியும்.

சில்லை இயக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதன் பெரும்பகுதியும் அதே நினைவகத்தில்தான் கிடக்கிறது! எழுதும்போது மின்சாரம் போனாலோ, அந்தப் பகுதி தேய்ந்தாலோ சில்லுக்குத் தன் வேலையே மறந்துவிடும்.

பழுதுபார்ப்பவர்கள் சுற்றுப்பலகையின் குறிப்பிட்ட இரு புள்ளிகளை இடுக்கியால் இணைத்து மின்சாரம் கொடுப்பார்கள். சில்லு பழுதான நிரலைத் தேடாமல், தனக்குள் நிரந்தரமாகப் பதிந்துள்ள சிறு நிரலோடு நிற்கும். அப்போது நினைவக வகைக்குப் பொருந்தும் ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றினால் எஸ்.எஸ்.டி. எழுந்துகொள்ளும். ஆனால் வெறுமையாக எழும். நினைவகம் அழிக்கப்பட்டு, புதிய அட்டவணை போடப்பட்டிருக்கும். திருமணப் படங்களும் தேர்வுப் புள்ளிகளும் போனதுதான். இதைச் சொல்லாமல் ‘சரிசெய்துவிட்டேன்’ என்று எஸ்.எஸ்.டி.யைக் கையில் கொடுப்பது, என்னைக் கேட்டால், பாதி உண்மைதான்.

கோப்புகள் முக்கியமென்றால் வழி வேறு. தரவு மீட்பு ஆய்வகங்கள் நினைவகத்தில் எதையும் எழுதாமல், தற்காலிக நிரல் ஒன்றைச் சில்லின் வேலை நினைவகத்தில் மட்டும் ஏற்றி, பழைய அட்டவணையை மீண்டும் கட்டப் பார்க்கும். செலவு கூடுதல், எல்லா நேரமும் பலிக்காது. ஒருமுறை ஃபர்ம்வேர் ஏற்றியபின் கொண்டுபோனால் அந்த வாய்ப்பும் இல்லை.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2011இல் இன்டெல் 320 வகை எஸ்.எஸ்.டி.கள் சில, மின்தடைக்குப் பின் தங்கள் கொள்ளளவு வெறும் 8 எம்பி என்று காட்டின. 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம், தன் சர்வர் எஸ்.எஸ்.டி.களில் சில சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என எச்சரித்தது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு என்பதைக் கணித மாணவர்கள் கவனித்திருப்பார்கள். ஒன்று போனால் இன்னொன்று காக்கும் என்று ஒரே நாளில் ஜோடியாக மாட்டியவை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். முன்கூட்டியே புதிய ஃபர்ம்வேர் ஏற்றியவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. அந்த மணி நேரத்தைத் தாண்டியவர்களுக்கு எஸ்.எஸ்.டி.யும் தரவும் சேர்ந்தே போயின.