கண்மாய்க்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

தம்பி தங்கைகளே, மழைக்காலம் முடிந்ததும் கமுதிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நின்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை அலையடித்துக் கிடக்கும். மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பாயும். மிஞ்சியது கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து, பள்ளத்தில் இருக்கும் அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தக் கண்மாயை அரசின் ஆங்கிலப் பதிவேடுகளில் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? 'டேங்க்'!

மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் டேங்க்தானே? பைக்கில் பெட்ரோல் ஊற்றும் இடமும் டேங்க். போர்க்களத்தில் பீரங்கியோடு உருண்டு வருவதும் டேங்க். ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

1600களில் வணிகம் செய்ய இந்தியா வந்த ஆங்கிலேயர்கள் குஜராத்தி, மராத்தி பேசுவோரிடம் ஒரு சொல்லைக் கேட்டார்கள். நீர்த்தொட்டியை அவர்கள் 'டாங்க்கி', 'டாங்க்கே' என்றார்கள். ராஜஸ்தானில் மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டிக்கு இன்றும் 'டாங்க்கா' என்றே பெயர். நீர்த்தேக்கத்துக்குப் போர்த்துகீசியரிடமும் இதே போல ஒலிக்கும் ஒரு சொல் இருந்தது. இரண்டும் சேர்ந்தே ஆங்கில 'டேங்க்' உருவானது என்பது மொழி அறிஞர்கள் பலரின் கருத்து.

முதலில் அது குளத்தையும் ஏரியையும் குறித்தது. பிறகு தண்ணீர், எண்ணெய் என எதைத் தேக்கி வைக்கும் கலனுக்கும் பெயரானது. வேலை ஒன்றாக இருந்ததால் பொருள் விரிந்தது.

போர் வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது வேறு வழியில். முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரிட்டன் ரகசியமாக ஓர் இரும்பு வண்டியை உருவாக்கியது. உளவாளிகளுக்குத் தெரியக்கூடாதே! பெரிய இரும்புப் பெட்டி போல இருந்த அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. ரகசியம் உடைந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயலுக்குப் பாய்வது கண்மாய். ஊரார் குடிக்க எடுப்பது ஊருணி. கோயில் தெப்பம் மிதப்பது தெப்பக்குளம். ஆங்கிலத்தில் இவை மூன்றும் டேங்க்தான். நீர் யாருக்கு, எதற்கு என்பதை நம் சொற்களே சொல்லிவிடுகின்றன.

உங்கள் ஊர் நீர்நிலைகளின் பெயர்களைத் தாத்தா, அப்பத்தாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் தண்ணீரும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள்.