வெள்ளத்தில் வந்த வள்ளங்கள்

மட்டாஞ்சேரி ஒரு பழைய கடைத்தெரு. கேரளத்தில், கொச்சி நகரத்தில் இருக்கிறது. மிளகு, சுக்கு, ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். கிழக்கே காயல். மேற்கே கொஞ்ச தூரத்தில் கடல். பக்கத்தில் போர்ட் கொச்சி. கடலோரமாகத் தெற்கே போனால் செல்லானம். கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு.

கொச்சிக்கும் வெள்ளத்துக்கும் பழைய உறவு. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த பழைய துறைமுகம் மண் மூடிப் போனது. கொச்சியில் கடலுக்கு வாய் திறந்தது. வரலாறு எழுதியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பழைய தமிழ்ப் பாட்டுகளில் வரும் முசிறி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு வெள்ளம் ஒரு ஊரைக் கெடுத்தது. இன்னொரு ஊரை வாழ வைத்தது.

அதே பெரியாறு 2018ஆம் ஆண்டு மறுபடியும் பொங்கியது.

மழை கொட்டியது

அந்த ஆண்டு ஜூன் மாதத்திலிருந்தே கேரளத்தில் நல்ல மழை. ஆகஸ்டு மாதம் மழை வெறிபிடித்தது போல் பெய்தது. ஆகஸ்டு 15, 16, 17 ஆகிய மூன்றே நாளில் சுமார் 414 மில்லிமீட்டர் மழை. அணைகள் நிரம்பின. இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. ஆற்றுத் தண்ணீர் ஆலுவா, பரவூர், சாலக்குடி, செங்கன்னூர் ஊர்களுக்குள் புகுந்தது. கொச்சி விமான நிலையத்தையே இரண்டு வாரம் மூட வேண்டியதாயிற்று.

மக்கள் மாடிக்கு ஏறினார்கள். மாடி இல்லாதவர்கள் கூரைமேல் ஏறினார்கள். கைபேசியில் உதவி கேட்டார்கள். கைபேசியும் அணைந்து போனது. கடற்படை வந்தது. ராணுவம் வந்தது. ஹெலிகாப்டர்கள் பறந்தன. ஆனாலும் போதவில்லை.

கடல்காரர்கள் வந்தார்கள்

அப்போதுதான் மீனவர்கள் கிளம்பினார்கள். கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம், எர்ணாகுளம் என்று பல மாவட்டங்களின் கடலோரத்திலிருந்து வந்தார்கள். வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக் கட்டினார்கள். வெள்ளம் நிற்கும் இடம் வரை லாரியில் போனார்கள். அங்கே வள்ளத்தை இறக்கினார்கள்.

தெருவில் வள்ளம் ஓட்டுவது கடலில் ஓட்டுவது போல இல்லை. தண்ணீருக்கு அடியில் மதில் இருக்கும். கேட் இருக்கும். முள்வேலி இருக்கும். அறுந்த மின்கம்பி கிடக்கும். சந்துகளில் தண்ணீர் சுழித்து ஓடும். எதில் மோதும் என்று தெரியாது. ரப்பர் படகு என்றால் வேலியில் பட்டுக் கிழிந்துவிடும். மீன்பிடி வள்ளம் உறுதியானது. அதை எதிர்நீச்சலில் செலுத்த மீனவருக்குத் தெரியும். அலையைப் பார்த்தே ஆழத்தைச் சொல்பவர்கள் அவர்கள். இந்தக் கைப்பழக்கம்தான் அன்று உயிர் காத்தது.

மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மீனவர் செய்ததை நாடே பார்த்தது. பெண்களால் படகில் ஏற முடியவில்லை. அவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்தார். தன் முதுகையே படிக்கட்டாகக் கொடுத்தார்.

அரசுக் கணக்குப்படி 669 படகுகள் வந்தன. 4,500க்கும் மேற்பட்ட மீனவர்கள் வந்தார்கள். சுமார் 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். இவர்கள்தான் கேரளத்தின் படை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் பாராட்டினார். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் உண்டு. பல வள்ளங்கள் உடைந்து போயிருந்தன. அவற்றைச் சரி செய்து கொடுத்தால் போதும் என்றார்கள்.

பட்டவர்களே வந்தார்கள்

இதற்கு எட்டு மாதம் முன்னால் என்ன நடந்தது தெரியுமா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. செல்லானத்தில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. சட்டி பானை போனது. துணிமணி போனது. மக்கள் முகாம்களில் தங்கினார்கள்.

அந்தக் கடலோரத்து மக்கள்தான் 2018ல் மற்றவர்களைக் காப்பாற்றப் போனார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தண்ணீரில் நிற்பவனின் பயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மனம் எப்படி எழுகிறது?

பெரிய ஆபத்து வந்து போன பிறகு மனமும் காயப்படும். தூக்கம் வராது. சோறு இறங்காது. மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். சும்மா சும்மா கோபம் வரும். ‘நான் மட்டும் பிழைத்தேனே’ என்று குமுறல் வரும். இது பைத்தியம் அல்ல. கோழைத்தனமும் அல்ல. அடிபட்ட இடம் வீங்குவது போலத்தான் இதுவும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மெல்ல மெல்லக் குறையும்.

அது குறைவதற்குச் சில விஷயங்கள் உதவும். பயமில்லாத இடம் வேண்டும். நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். சொந்தக்காரர்கள் எங்கே என்று தெரிய வேண்டும். காது கொடுத்துக் கேட்க ஒருவர் வேண்டும். செய்வதற்கு ஒரு வேலையும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். முகாமில் சும்மா உட்கார்ந்திருந்தால் நாள் நகராது. கவலைதான் வளரும். அரிசி களைவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, பெயர்ப் பட்டியல் எழுதுவது என்று ஒரு வேலை எடுத்துக்கொண்டால் பாரம் கொஞ்சம் இறங்கும். ‘என்னாலும் ஆகும்’ என்ற எண்ணம் வரும். பிறருக்குச் செய்யும் உதவி நமக்கும் மருந்தாவது இப்படித்தான்.

பார், கேள், சேர்

துன்பத்தில் இருப்பவரிடம் எப்படிப் பழகுவது? உலக சுகாதார நிறுவனம் 2011ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரத்தை மூன்று சொல்லில் சொல்லிவிடலாம்.

பார்: இடம் ஆபத்து இல்லாததா என்று முதலில் பாருங்கள். யாருக்கு உடனே உதவி வேண்டும் என்று பாருங்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், தனியாக நிற்பவர்கள் கண்ணில் படட்டும்.

கேள்: அருகில் உட்காருங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். ‘அழாதே’ என்று அடக்காதீர்கள். ‘உன்னைவிட அவனுக்குத்தான் நஷ்டம் அதிகம்’ என்று ஒப்பிடாதீர்கள்.

சேர்: குடும்பத்தோடு சேர்த்து வையுங்கள். மருத்துவமனை, முகாம், அரசு உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லி அங்கே கொண்டு சேருங்கள்.

ஒரு மாதம் கழித்தும் தூக்கம் வரவில்லையா? வேலை ஓடவில்லையா? செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? செத்துப்போகும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

உதவி செய்பவருக்கும் உடம்பு உண்டு

உதவிக்குப் போகிறவரும் சாப்பிட வேண்டும். தூங்க வேண்டும். ஆள் மாற்றி ஆள் வேலை செய்ய வேண்டும். நீச்சல் தெரியாதவர் வெள்ளத்தில் குதிக்கக் கூடாது. அவரையும் சேர்த்துத் தூக்க வேண்டி வரும். வள்ளம் ஓட்டத் தெரிந்தவர் வள்ளம் ஓட்டட்டும். சமைக்கத் தெரிந்தவர் சமைக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மனு எழுதிக் கொடுக்கட்டும். நீங்கள் கற்ற எழுத்து அன்றைக்கு ஒருவருக்குத் துடுப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. பாராட்டு மட்டும் வயிற்றை நிரப்பாது. 2018க்குப் பிறகும் செல்லானத்தில் கடல் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. ஊரைக் காத்தவர்கள் தங்கள் வீட்டைக் காக்கச் சுவர் கேட்டுப் பல நாள் போராடினார்கள். பிறகு செல்லானத்தின் ஒரு பகுதியில் டெட்ராபாட் என்னும் நாலு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிக் கடல் சுவர் கட்டப்பட்டது. மீதிக் கரைக்கும் சுவர் வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். பிறருக்குக் கை கொடுப்பது நல்லது. நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவதும் நல்லதுதான். இரண்டும் வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வெள்ளமோ புயலோ வந்தபோது முதலில் உதவிக்கு வந்தது யார்?

2. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார்? மழை வந்தால் அவர்களை யார் அழைத்து வருவது?

3. உங்களுக்குத் தெரிந்த தொழில் எது? ஆபத்துக் காலத்தில் அது யாருக்கு உதவும்?