கன்னியர் சபை வழக்கும் மனித உரிமைக் குழுவும்

கண்டி நகரை அடுத்துள்ள அம்பிட்டிய, கத்தோலிக்கத் துறவறக் கல்வியோடு நெடுந்தொடர்பு கொண்ட ஊராகும். 1893இல் தோன்றிய பாப்பரசர் குருமடம் 1955இல் இந்தியாவின் பூனாவுக்குப் பெயர்ந்தபின், தேசிய குருமடம் அங்கு இயங்கி வருகின்றது. சமய நிறுவனங்களுக்கு நாட்டின் சட்டம் அளிக்கும் இடம் யாது என்னும் வினா இத்தகைய ஊர்களுக்குப் புறம்பானதன்று. அவ்வினா ஒருமுறை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை சென்றது. அதனை ஈண்டு நோக்குவோம்.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1980இல் ஏற்றது. தனிமனிதர் முறையீடு செய்ய வழிவகுக்கும் விருப்ப நெறிமுறையில் 1997இல் இணைந்தது. குழுவின் உறுப்பினர் பதினெண்மர். நாடுகளால் தெரியப்படினும் தம் அரசின் பிரதிநிதிகளாக அன்றி, நிபுணர்களாகவே அமர்வர். அரசுகளின் அறிக்கைகளை ஆய்தல், உள்நாட்டுப் பரிகாரங்கள் தீர்ந்தபின் வரும் முறையீடுகளை விசாரித்தல் ஆகியன அவர்தம் பணிகளுள் முதன்மையானவை.

திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டமுறையாகக் கூட்டிணைக்கும் மசோதா, அரசியலமைப்பின் 9ஆம், 10ஆம் உறுப்புரைகளுக்கு முரணானது என உயர் நீதிமன்றம் 2003இல் தீர்மானித்தது. அறப்பணியோடு சமயப் பரப்பலும் இணைவதே ஆட்சேபத்தின் சாரம். தமக்கு அறிவித்தல் தரப்படவில்லை எனச் சபையார் குழுவிடம் முறையிட்டனர். அறப்பணியும் சமய வெளிப்பாட்டின் கூறே என்ற குழு, அதனைக் கட்டுப்படுத்துவதன் தேவைக்கு அரசிடம் ஆதாரம் கேட்டது, போதியது கிட்டவில்லை. ஒத்த நோக்கங்களையுடைய பிற சபைகள் கூட்டிணைக்கப்பட்டிருந்தமையையும் கருத்திற்கொண்டது. 2005 ஒக்டோபர் 21இல், சமயச் சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டன எனக் கருத்துரைத்து, எடுத்த நடவடிக்கைகளை 90 நாட்களுக்குள் அறிவிக்குமாறு அரசை வேண்டியது.

ஆயின் குழுவிடம் காவலருமில்லை, சிறையுமில்லை. சிங்கராசா வழக்கில் 2006 செப்டெம்பர் 15இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், நெறிமுறையில் சனாதிபதி இணைந்தமை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. எனினும் இலங்கை நெறிமுறையிலிருந்து விலகவில்லை. 2023இலும் அதன் ஆறாவது அறிக்கை குழுமுன் ஆராயப்பட்டது.

எனவே குழுவின் வலிமை தண்டனையில் இல்லை. காரணம் கேட்பதிலேயே உள்ளது. உள்நாட்டில் செவிசாய்க்கப்படாத குரலுக்கு அரசு எழுத்தில் விடையளிக்க நேர்கின்றது. அவ்விடையும் அதன் குறையும் பதிவாகி நிற்கின்றன. அப்பதிவைப் பயனாக்கும் பொறுப்போ, பாராளுமன்றத்தையும் நீதிமன்றங்களையும் கற்றோரையும் சார்ந்ததாகும்.